கதவில் ஒட்டிய தமிழ்

செவ்வாயின் தென்குழிக் குடியேற்றத்தில் சூரியப் புயல் அடிக்கும் நாட்களில் ஜனங்கள் கதவுகளைப் படிப்பார்கள். மற்ற நாட்களில் அதற்குத் தேவை இல்லை. காதுக்குப் பின்னால் பதித்த செவிச்சில்லு, எந்தக் கதவுக்கு அப்பால் காற்று இருக்கிறது, எதற்கு அப்பால் வெறும் செவ்வாய் இருக்கிறது என்று அவரவர் மொழியில் சொல்லிவிடும். புயல் வந்தால் சில்லும் திரைகளும் ஊமையாகிவிடும். அப்போது கதவில் ஒட்டியிருக்கும் அச்சுத்தாள்தான் கதி.

தாள்கள் ஆங்கிலத்தில் இருந்தன. மகிழ்நங்கையின் கணவன் மாசிலாமணி அப்படியொரு நாளில் சுரங்கத்திலிருந்து திரும்பும்போது, திறக்கக்கூடாத கதவைத் திறந்து செத்துப்போனான். ஆங்கிலத்தில் அவனுக்கு எழுத்து தெரியும், பொருள் தெரியாது. தமிழில் இருந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று அவள் நம்பினாள். அந்த நம்பிக்கை துக்கத்தைக் கோபமாக்கிக் கொடுத்தது. கோபம் இருந்ததால் காலையில் எழுந்திருக்க முடிந்தது.

நிர்வாகத்தோடு மல்லுக்கட்டித் தமிழ்த்தாளுக்கு அனுமதி வாங்கினாள். நீங்களே அச்சடித்து ஒட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். இருந்ததோ ஒரே ஒரு லேசர் பிரிண்டர். புதிய அச்சுப்பொறிகளையெல்லாம் கதிர்வீச்சு தின்றுவிட்டது. முதல் கப்பலில் வந்த இந்தக் கிழட்டுப் பெட்டி மட்டும், உள்ளே இருந்த சில்லுகள் தடித்தவை என்பதால் தப்பியிருந்தது. அதற்குத் தமிழ் தெரியாது. பூமியிலிருந்து எழுத்துருவை இறக்கி அதன் நினைவகத்தில் ஏற்ற வேண்டும். அதிலும் இக்கால எழுத்துரு எதையும் அது சீந்தாது. அதன் வயதுக்கேற்ற பழசாகவே வேண்டும்.

பூமியின் காப்பகங்களில் பழைய தமிழ் எழுத்துருக்கள் கொட்டிக் கிடந்தன. அந்தக் காலத்தில் ஆளாளுக்கு ஒரு எழுத்துரு செய்து, ஆளாளுக்கு ஒரு விசைப்பலகை வைத்து, தன்னுடையதே சரி என்று சண்டை போட்டிருந்தார்கள். ஒன்றில் அடித்தது இன்னொன்றில் கோழி கிளறியதுபோல் வந்தது. ஒன்றில் புள்ளிகளே விழவில்லை. ஒன்றில் ‘கதவை’ என்றால் ஐகாரக் குறி வகரத்துக்குப் பின்னால் போய் நின்றது. மற்றொன்று கல்யாணப் பத்திரிகைக்குச் செய்தது. ‘திறக்காதே’ என்பதே வாருங்கள் என்று அழைப்பதுபோல் வளைந்து நெளிந்தது.

அச்சறையைப் பார்த்துக்கொண்ட அந்தோணிராஜ் சலித்துப்போனார்.

“இது போதும்மா. படிக்க வருதுல்ல?”

“இருட்டுல, மூச்சு வாங்கிக்கிட்டு நிக்கிறவனுக்குப் படிக்க வரணும்ணே.”

பூமியோடு பேசுவதற்கு ஒவ்வொருவருக்கும் அளவு உண்டு. அவள் தன் அம்மாவோடு பேசுவதை நிறுத்திவிட்டு, அந்த அளவை எழுத்துரு இறக்கவே செலவிட்டாள். கடைசியில், என்றோ மூடிப்போன ஒரு அச்சகத்தின் கோப்புகளில் அது கிடைத்தது. பெயர் தெரியாத யாரோ, இதே வகைப் பிரிண்டருக்காக, ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாகச் செதுக்கியிருந்தார். தாள் சூடாக வெளியே வந்தது. கரிய, திடமான, ஒரு மூலைகூடச் சிதையாத எழுத்துகள். ‘அப்பால் காற்று இல்லை. இக்கதவைத் திறக்காதே.’ அந்தோணிராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

தமிழ்ச் சங்கம் அதை விழாவாகவே நடத்தியது. மாசிலாமணி செத்த கதவில் முதல் தாளை ஒட்டி, மேலே மாலை போட்டு, வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பலர் அழுதார்கள். அவளும் அழுதாள்.

அடுத்த புயலில் கார்வேந்தன் என்ற சுரங்கத் தொழிலாளி அதே கதவைத் திறந்தான். கதவுக்கு அப்பாலிருந்த அவசர அடைப்பு சமயத்தில் மூடிக்கொண்டதால் உயிர் தப்பினான். ஒரு நுரையீரல் போய்விட்டது.

மருத்துவமனையில் அவன் கட்டிலருகே மகிழ்நங்கை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவனிடம் கேட்டாள்.

“தாளு முகத்துக்கு நேரா இருந்துச்சே தம்பி. பாக்கலையா நீ?”

“பாத்தேங்க்கா. அழகா இருந்துச்சு.” மூச்சுக்கு நிறுத்தினான். “எனக்குத் தமிழ் பேசத்தான் வரும். படிக்க வராது. இங்க யாருக்குக்கா வருது? நாம மெசேஜ் அனுப்பிக்கிற மாதிரி இங்கிலீஷ் எழுத்துல தமிழப் போட்டிருந்தா படிச்சிருப்பேன்.”

அப்படிப் போடுவதற்கு எழுத்துருவே தேவைப்பட்டிருக்காது. பிரிண்டரில் பிறவியிலேயே இருந்தவை போதும்.

அறைக்குத் திரும்பி, கணவன் அனுப்பிய பழைய செய்திகளைத் திறந்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டவை, கோபித்துக்கொண்டவை, கல்யாணத்துக்கு முன்னால் அனுப்பிய அசட்டுக் கவிதைகள். எல்லாம் தமிழ். ஒன்றில்கூடத் தமிழ் எழுத்து இல்லை. அவன் தமிழ் படித்து அவள் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தமிழ்த்தாள் இருந்திருந்தாலும் அவன் அந்தக் கதவைத் திறந்திருப்பான். அம்மாவிடம் எழுதப் படிக்கக் கற்றவள் அவள். அவளுடைய பதில்களிலும் தமிழ் எழுத்து ஒன்றும் இல்லை.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே சங்கத்திலிருந்து செய்தி வந்தது. மன்றத்துச் சுவரில் சட்டம் போட்டு மாட்ட வேண்டும், அந்த அழகான எழுத்தில் இன்னொரு தாள் பெரிதாக அடித்துத் தர முடியுமா என்று, ஆங்கில எழுத்தில், தமிழில் கேட்டிருந்தார்கள்.

மகிழ்நங்கையின் விரல்கள் பழக்கத்தில் பதில் தட்டி அனுப்பிவிட்டன. சரி என்ற ஒரே சொல், நான்கு ஆங்கில எழுத்துகளில்.