ஆற்று நடுவே ஒரு கயிறு

மென்சியா ஸ்பெயின் மன்னரின் மகள். பன்னிரண்டு வயதுதான். போன வாரம் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. ஆனால் மாப்பிள்ளையை அவள் இன்னும் பார்க்கவில்லை. தூரத்துப் பிரான்ஸ் இளவரசனுக்குப் பதிலாக ஒரு வெள்ளைத்தாடிப் பிரபு நின்று மோதிரம் போட்டார். அரண்மனைக் கல்யாணங்கள் அப்படித்தான். பாவம், போடும்போது தும்மிவிட்டார்.

இன்று அவளை மாப்பிள்ளை வீட்டாரிடம் ஒப்படைக்க வேண்டும். இரு நாட்டு எல்லையில் ஓடும் பிதசோவா ஆற்றின் நடுவே பெரிய மிதவை ஒன்றைக் கட்டியிருந்தார்கள். அதன் குறுக்கே நீளமாக ஒரு வெள்ளைப் பட்டுக்கயிறு கிடந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஸ்பெயின், அந்தப் பக்கம் பிரான்ஸ். பொழுது சாய்வதற்குள் மென்சியா அந்தப் பக்கம் போனால் சமாதானம். இல்லையென்றால் மறுபடியும் போர்.

"உங்க இளவரசர் இந்தப் பக்கம் வந்து கூட்டிட்டுப் போகட்டும்," என்றார் ஸ்பெயினின் கோமகன் ஒசோரியோ.

"பொண்ணுதானே மாப்பிள்ளை வீட்டுக்கு வரணும்? ஊர் உலகத்துல இல்லாத வழக்கமா இருக்கே," என்றார் பிரான்ஸின் கோமகன் மொன்வீல்.

முதலில் கயிற்றைத் தாண்டும் நாடு தாழ்ந்த நாடாம். இருவரும் தாம் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றார்கள். கடைசியில், எக்காளம் ஊதியதும் இரண்டு கோமகன்களும் சேர்ந்தே தாண்டுவது என்று முடிவாயிற்று.

எக்காளம் ஊதியது. இருவரும் வலது காலைத் தூக்கினார்கள். தூக்கிய கால் தூக்கியபடியே நின்றது.

"வைங்க ஐயா."

"முதல்ல நீங்க வைங்க."

கொஞ்ச நேரம் கொக்குகளைப் போல நின்றுவிட்டு, இருவரும் காலைப் பழைய இடத்திலேயே வைத்தார்கள்.

மென்சியாவை வளர்த்த பிரியாந்தா அவள் காதருகே குனிந்தாள். "சண்டை இப்படியே இழுத்துக்கிட்டுப் போனா நாம வீட்டுக்கே திரும்பிடலாம் கண்ணு."

வீடு என்றதும் மென்சியாவின் நெஞ்சு துள்ளியது. அவளுக்கு வேண்டியது அதுதான். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும்.

அவள் கரையைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் வீரர்கள் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் பெண்கள், இடுப்பில் குழந்தைகள். எத்தனை ஆயிரம் பேரோ. எல்லோர் கண்ணும் அவள் மீதே இருந்தது. இத்தனை உயிரும் என் காலடிக்காகவா காத்திருக்கிறது? அவளுக்கு மெய்சிலிர்த்தது. அழுகையும் வந்தது. அதை விழுங்கிக்கொண்டு கயிற்றின் அருகே போனாள்.

"ஐயா, கயிற்றை யாரும் முதல்ல தாண்டக் கூடாது. அவ்வளவுதானே?"

"ஆமாம் இளவரசி," என்றார்கள் இருவரும். அன்று அவர்கள் மனதார ஒத்துப்போனது அப்போதுதான்.

"கயிறு என்னைத் தாண்டினா?"



மென்சியா குனிந்து கயிற்றைப் பிடித்தாள். இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கி, தன் குதிகாலுக்குப் பின்னால் போட்டாள். அவள் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. ஆனால் இப்போது பிரான்ஸில் நின்றாள்.

ஒசோரியோ கீழே பார்த்தார். "எங்க நாட்டுல ரெண்டு முழம் போயிடுச்சே."

"கல்யாணச் சீரோட சேர்த்துக்கங்க ஐயா," என்றாள் மென்சியா.

மொன்வீல் சிரித்தார். ஒசோரியோவும் அடக்கிப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார்.

மென்சியா திரும்பினாள். கைநீட்டினால் தொடும் தூரத்தில் பிரியாந்தா மண்டியிட்டிருந்தாள், வேற்று நாட்டு இளவரசிக்கு மண்டியிடுவது போல. கன்னமெல்லாம் கண்ணீர். அதே மிதவை, அதே வெயில். ஆனால் வீடு எவ்வளவோ தூரம் போய்விட்டது.

பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அவள் இதுவரை பார்க்காத மாப்பிள்ளைதான். அவள் வயதுதான் இருக்கும் அந்த இளவரசனுக்கு. தட்டுத் தடுமாறி அவள் மொழியிலேயே கேட்டான்.

"பயமா இருக்கா?"

"இருக்கு. உங்களுக்கு?"

"ரொம்ப."

அவன் கையை நீட்டினான். அவள் பிடித்துக்கொண்டாள். இரண்டு கரையிலிருந்தும் ஆரவாரம் எழுந்து ஆற்றின் நடுவே வந்து கலந்தது. அதில் எது எந்த நாட்டுக் குரல் என்று மென்சியாவால் பிரித்தறிய முடியவில்லை.