ஐந்து ரப்பர் பேண்ட்

ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த மருந்து அட்டவணையில் நாத்தனாரின் விரல் வரிசையாக இறங்கிக்கொண்டே வந்தது. வியாழக்கிழமையில் நின்றது. மதியக் கட்டம் காலி. மாலைக் கட்டமும் காலி.

"ரெண்டு வேளை அம்மா கண்ணுக்கு மருந்து விடல. அப்படித்தானே?"

அந்த வீட்டு மருமகள் கழுவிய டம்ளரோடு நின்றிருந்தாள். அதை எதற்கு எடுத்தோம் என்பது அதற்குள் மறந்துவிட்டது.

"மறந்துட்டேன் அண்ணி..."

"ஆபரேஷன் ஆன கண்ணு. செடிக்குத் தண்ணி ஊத்த மறந்த மாதிரி சொல்ற. மறதி மகாராணின்னு விளையாட்டா பேரு வச்சோம். இப்ப விளையாட்டா இல்ல."

அவள் கணவன் ஷூக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். குனிந்தபடியே சொன்னான்.

"செக்கப் முடிஞ்சதும் அம்மாவை உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுக்கா. இவளை நம்பி விட முடியல."

பத்து வருடத்தில் அவன் அவளைத் திட்டியதே இல்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

உள்ளறையில் அத்தை கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கண்ணில் பிளாஸ்டிக் மூடி. மற்றதில் பல வருடமாக நிழல்தான். எல்லாம் காதில் விழுந்திருக்கும்.

மருமகளின் இடது மணிக்கட்டில் தினமும் காலையில் ஐந்து ரப்பர் பேண்ட் ஏறும். கேஸ், குழாய், கதவு, மதிய மருந்து, மாலை மருந்து. ஒரு வேலை முடிந்தால் ஒன்று வலது கைக்கு மாறும். பள்ளியில் படித்த காலத்திலிருந்தே இந்தப் பழக்கம். முட்டாள்கள் செய்வது என்று நினைத்து எப்போதும் முழுக்கை ரவிக்கைக்குள் ஒளித்து வைத்திருப்பாள்.

ஒரு சலவைக்கடையில் கிழிந்த துணிகளுக்கு இழை கோப்பது அவள் வேலை. கோத்த பின் கிழிசல் எங்கே இருந்தது என்று துணிக்குச் சொந்தக்காரருக்கே தெரியாது. நாலு மணி நேரம் தலை நிமிராமல் உட்காருவாள். ஆபரேஷன் தேதி குறித்ததும் வேலையை விட்டாள். விடச்சொல்லி யாரும் கேட்கவில்லை. ஏன் விட்டாய் என்றும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை மதியம் அத்தையின் பழைய ஸ்வெட்டரில் முழங்கை கிழிந்திருப்பதைப் பார்த்தாள். செக்கப்புக்கு அதைப் போட்டுக்கொண்டு போகட்டும் என்று ஊசியை எடுத்தாள். ரப்பர் பேண்டில் நூல் சிக்கியது. ஐந்தையும் கழற்றி ஊசி டப்பாவில் வைத்தாள். நிமிர்ந்தபோது இரண்டு வேளையும் தாண்டி இருட்டியிருந்தது.

கண் மருத்துவமனையில் டாக்டர் வெகுநேரம் பார்த்தார். "கண்ணு நல்லா இருக்கு. இனிமே ஒரு வேளைகூடத் தவறவிடாதீங்க" என்றார்.

வெளியே நர்ஸ் புது அட்டவணை எழுதினாள். வாங்க நீட்டிய கையில் ரவிக்கை மேலேறி ரப்பர் பேண்டுகள் தெரிந்தன.

"இது எதுக்குங்க?"

மறைக்கத் தோன்றவில்லை. சொன்னாள். நர்ஸ் பேனாவை மூடினாள்.

"சின்ன வயசுலயும் இப்படியா?"

"ஸ்கூல் பையை பஸ்லயே விட்டுட்டு இறங்கியிருக்கேன். மூணு தடவை."

"பிடிச்ச வேலைன்னா?"

"சாப்பிடவே மறந்துடும்."

"யாராவது பேசிக்கிட்டிருந்தா?"

"பாதியில எங்கயோ போயிடுவேன். திரும்பி வந்து தலையாட்டுவேன்."

நர்ஸ் சிரித்தாள். கேலிச் சிரிப்பு இல்லை.

"நானும் ஆட்டியிருக்கேன். ஏடிஎச்டின்னு சொல்லுவாங்க, கவனம் நம்ம சொல்பேச்சு கேக்காத நிலை. குழந்தைங்களுக்கு மட்டும்தான்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். எனக்கு முப்பத்தோரு வயசுலதான் தெரிஞ்சுது. உங்களுக்கும் அதுதான்னு நான் சொல்லக்கூடாது. தூக்கம் கெட்டாலும், கவலை இருந்தாலும் இப்படி ஆகும். மனநல டாக்டர்தான் உட்கார்ந்து கேட்டுட்டுச் சொல்லணும்."

அட்டவணையின் பின்பக்கம் ஒரு நம்பர் எழுதிக் கொடுத்தாள்.

"நல்லா இருக்கே" என்றாள் பக்கத்தில் நின்ற நாத்தனார். "மறதிக்கு ஒரு பேரு வச்சாச்சு. இழை கோக்கிறப்ப மட்டும் அது லீவு போட்டுடுமா?"

"அதைத்தான் அண்ணி நானும் முப்பத்தாறு வருஷமா என்னையே கேட்டுக்கிட்டிருக்கேன்."

அவள் எதிர்த்துப் பேசி யாரும் கேட்டதில்லை. அது எதிர்ப்பும் இல்லை.

பெஞ்சிலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"மருந்து நேரம் எனக்குத் தெரியும்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"கண்ணை மூடினப்புறம் காதுதானே எனக்கு. இவ நாள் முழுக்க முணுமுணுப்பா. பத்து வருஷமா என்னைத்தான் திட்டறான்னு நினைச்சேன். இந்த வாரம்தான் காதுகொடுத்துக் கேட்டேன். கேஸ், குழாய், கதவு, மருந்து, மருந்து. பாடம் ஒப்பிக்கிற மாதிரி... ஓயாம. வியாழக்கிழமை அது நின்னுபோச்சு. கூப்பிட்டிருக்கலாம். நான் கூப்பிடல."

"ஏம்மா?" என்றான் மகன்.

"மறக்கிறாளா பார்ப்போம்னுதான். என் கண்ணை வச்சு இவளுக்குப் பரீட்சை வச்சேன்டா. சாயங்காலமும் வாயை மூடிக்கிட்டுப் படுத்திருந்தேன். அப்புறம் இவ பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதா. அழுது முடிச்சு, குழாயை மூடிட்டுத்தான் வெளிய வந்தா." அத்தை ஸ்வெட்டரின் முழங்கையைத் தடவினாள். "எந்தக் கை கிழிஞ்சிருந்ததுன்னு தடவிப் பார்த்தும் எனக்குத் தெரியலடி."

அவன் மனைவியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்றது? எனக்கே இது சோம்பேறித்தனம்னுதான் பட்டுச்சு."

அவன் தலை குனிந்தான். "காலையில அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது."

அவள் நம்பரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பயமா இருக்குங்க. போய்ப் பார்த்து ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டா? அப்ப நான் நிஜமாவே அக்கறை இல்லாதவதான்னு ஆயிடுமே..."

"அப்படின்னா வேற என்னன்னு கேப்போம்" என்றாள் அத்தை. "உனக்கு அக்கறை இருக்கான்னு அந்த டாக்டரைக் கேக்கவேண்டியதில்ல. அதுக்குச் சாட்சி நான் இருக்கேன். போனைப் போடு."

மருமகளே பேசினாள். நடுவில் ஒருமுறை கவனம் எங்கேயோ போய், "மன்னிச்சுக்குங்க, இன்னொரு தடவை சொல்றீங்களா?" என்று கேட்டாள். மூன்று வாரம் கழித்து, செவ்வாய்க்கிழமை, பத்து மணிக்கு நேரம் கிடைத்தது.

வீட்டு வாசலில் நாத்தனார் காரை விட்டு இறங்கவில்லை.

"அம்மா, என்கூட வரியா?"

"நான் எங்கயும் வரல."

நாத்தனார் தம்பி மனைவியின் பக்கம் திரும்பினாள்.

"மதிய மருந்து நேரத்துக்கு நான் போன் பண்றேன். திட்ட இல்ல. ஞாபகப்படுத்த."

"பண்ணுங்க அண்ணி. எடுக்க மறந்தா இன்னொரு தடவை பண்ணுங்க."

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தாள்.

மதியம். அத்தையின் கண்ணில் ஒரு சொட்டு விழுந்தது. மருமகள் கட்டத்தில் டிக் போட்டாள். பேண்டை வலது கைக்கு மாற்றப்போனவள் இரண்டு கையையும் எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"அத்தை... நாலுதான் இருக்கு. எதையோ விட்டுட்டேன்."

மூடிய கண்ணோடு படுத்திருந்த அத்தை போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து உயர்த்தினாள். சுருங்கிய மணிக்கட்டில் ஒரு ரப்பர் பேண்ட்.

"கார்ல என் தோள்ல சாஞ்சு தூங்கினப்ப எடுத்துக்கிட்டேன். செவ்வாய்க்கிழமை, பத்து மணி. அதை நான் பார்த்துக்கறேன். நீ தூங்கு."