இரண்டு சிவப்பு

வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது. உள்ளே, திரையில், ஒருத்தியின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தார்கள். கஜனியோ செத்துக்கொண்டிருந்தவளின் தோள்பட்டைத் தையலை மும்முரமாக வரைந்துகொண்டிருந்தாள்...

இருட்டில் எப்படி வரைவதாம்? கைப்பேசி வெளிச்சத்தில்தான்.

பக்கத்து இருக்கைக்காரன் முதலில் கனைத்தான். பிறகு, லைற்றை அணைக்க முடியுமா என்று ஆங்கிலத்தில் மரியாதையாகக் கேட்டான். அணைத்தாள். அத்தோடு பேசாமல் இருந்தால் அவள் கஜனி இல்லையே. "சரியான சிடுமூஞ்சி" என்று தமிழில் முணுமுணுத்தாள்.

"சிடுமூஞ்சிக்குத் தமிழ் விளங்கும்" என்றது இருட்டு.

ஐயோ... கதிரைக்குள் அப்படியே புதைந்துவிடலாம் போலிருந்தது அவளுக்கு.

ரொறன்ரோ நகர நடுவில் பழைய தியேட்டர் ஒன்று. ஞாயிறு மத்தியானக் காட்சி. அறுபதுகளில் எடுத்த இத்தாலியக் கொலைப் படம். மிலான் நகரத்து ஃபாஷன் மாளிகை ஒன்றில் உடுப்புப் போட்டுக் காட்டும் பெண்கள் ஒவ்வொருத்தராகச் சாகிறார்கள். கொலைகாரன் யாராயிருந்தால் கஜனிக்கு என்ன? றிச்மண்ட் ஹில்லில் மணப்பெண்களுக்குப் பிளவுஸ் தைத்து, சேலை கட்டிவிடுபவள் அவள். அந்தக் காலத்துக் கவுன்களைக் கண் நிறையப் பார்க்கத்தான் மழையில் நனைந்து வந்திருந்தாள்.

ஆனால் படம் சும்மா விடவில்லை. தையல் அறையில் ஆடாமல் அசையாமல் நின்ற துணிப் பொம்மை ஒன்று, மெல்லக் கையைத் தூக்கியது... அவ்வளவுதான்! பக்கத்து இருக்கைக்காரனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு நிமிடமும் போயிற்று.

"இனிக் கையை விடலாமே?" என்று கிசுகிசுத்தான் அவன்.

"பொறுங்கோ. முதல்ல அந்தக் கொலைகாரன் அறையை விட்டுப் போகட்டும்."

அவன் சத்தமில்லாமல் சிரித்தான். கை குலுங்கியதில் அவளுக்கு அது தெரிந்தது. பிடித்தும் இருந்தது... என்ன செய்ய!

படம் முடிந்து விளக்குகள் எரிந்தபோது அவன் முகத்தைப் பார்த்தாள். நித்திரை காணாத கண்கள். ஆனால் என்ன கண்கள்... எதையும் நின்று நிதானித்துப் பார்க்கும் கண்கள். அவை அவள் முகத்திலும் கொஞ்ச நேரம் நின்றன. அவள் பேர் கேட்கலாமா என்று யோசிப்பதற்குள், தியேட்டர்காரர் மேடையேறி, வெளிறிப்போன இந்தப் படத்துக்குத் திரும்ப நிறம் கொடுத்தவர் இங்கேதான் இருக்கிறார், ஜூலியன், வாருங்கள் என்று அழைத்தார். எழுந்து போனவன்... அவனேதான்!

எட்டு மாதம், ஒவ்வொரு காட்சியாக, படச்சுருள் லாபில் தனியே இருந்து செய்த வேலையாம். சபை கை தட்டியது. அவன் வெட்கத்தோடு நிலத்தைப் பார்த்தான். யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்று கேட்டார் தியேட்டர்காரர்.

கஜனியின் வாயைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் அவளைப் பெண் பார்க்க வந்த அன்ரி, தன் காஞ்சிபுரம் பட்டைப் பற்றி அரை மணி நேரம் அளந்தார். கஜனி தேத்தண்ணியைக் கொடுத்துக்கொண்டே, "இது பட்டில்லை அன்ரி, பொலியெஸ்ரர்" என்றாள். அந்தச் சம்பந்தம் அன்றைக்கே போயிற்று. பிறகு வந்த இரண்டும் அதே வழியில் போயின. உந்த வாயோடு உன்னை ஆர் கட்டுவான் என்று அம்மா அழுதாள். கஜனி வெளியே சிரித்தாலும் உள்ளுக்குள் பயந்துதான் போயிருந்தாள். உள்ளதைச் சொன்னால் எல்லாரும் எழும்பிப் போய்விடுகிறார்களே... கடைசி வரை தனியாகவே இருந்துவிடுவேனோ?

அந்தப் பயம் இருந்தும் கை தானாக உயர்ந்துவிட்டது.

செத்தவளின் கவுனும், அதைப் பார்த்துக் கொலைகாரன் தைத்த போலிக் கவுனும் கடைசிக் காட்சியில் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றனவே, எது போலி என்று கதாநாயகி எப்படிக் கண்டுபிடித்தாள் என்று கேட்டாள். நிறம் வேறு என்றான் ஜூலியன். இரண்டும் ஒரே சிவப்பாகத்தானே தெரிந்தது என்றாள் அவள். சபையில் பலர் ஆமென்று தலையாட்டினார்கள். அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. நல்ல பட்டு வெல்வெட் வெளிச்சத்தைக் குடித்துவிடும், அது கறுப்போடிய அரக்கு நிறத்தில் இருக்க வேண்டும், மலிவான போலிதான் பளீரென்று தெரியும் என்று விளக்கினாள். பிறகு தமிழில், "நீங்கள் ரெண்டுக்கும் போட்டது எங்கட கலியாண வீடியோவில வாற கூறைச் சிவப்பு" என்றாள்.

சபைக்கு அது விளங்கவில்லை. அவனுக்கு விளங்கியது. முகம் அப்படியே செத்துப்போனது. நன்றி என்று ஒரு சொல் சொல்லி மேடையை விட்டு இறங்கினான்.

அவள் குடையையும் மறந்து பின்னால் ஓடினாள். தெருவில் அவன் ஏறிய ஸ்ட்ரீற்கார் வண்டி கதவைச் சாத்திக்கொண்டது. நனைந்த கண்ணாடிக்கு உள்ளேயிருந்து அந்தக் கண்கள் ஒரு தரம் அவளைப் பார்த்தன... போய்விட்டன. மழையில் நின்று தன்னைத்தானே வாய்க்கு வந்தபடி திட்டினாள்.

அடுத்த சனிக்கிழமை பிறம்ரனில் ஒரு கலியாணம். மணவறையிலிருந்து எழுந்து வந்த மணப்பெண்ணுக்கு கஜனி, தாலி கட்டுமுன் மாற்றிக்கொள்ளும் கூறைச் சேலையைக் கட்டி, ஊசி குத்தி, கதவைத் திறந்தாள். வெளியே கமெராவோடு காத்துக்கொண்டு நின்றவன் ஜூலியன்!

சனிக்கிழமைகளில் அவன் கலியாண வீடியோ எடுப்பவனாம். அன்றைக்குத் தான் சொன்னது அவனை எங்கே போய்க் குத்தியிருக்கும் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

தாலி ஏறி, சனம் சாப்பாட்டுக்குப் போன நேரம், நடைபாதையில் அவனிடம் போனாள். இந்த முறை வாயைக் கட்டுவது என்று தீர்மானித்திருந்தாள். இவன் எழும்பிப் போகக்கூடாது...

"அண்டைக்கு நான் சொன்னது பிழை" என்றாள். "உங்கட சிவப்புத்தான் சரி."

ஜூலியன் கமெராவைக் கீழே வைத்தான். "அப்ப ஏன் என்ர முகத்தைப் பார்த்துச் சொல்லுறீங்கள் இல்லை?"

அவள் கையிலிருந்த ஊசிப் பெட்டியைத் திறந்து மூடினாள்.

பழைய மூலச் சுருளைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன் என்றான் அவன். அவள் சொன்னதுதான் சரியாம். பத்து வருடமாகக் கூறைச் சேலைகளுக்குச் சிவப்பை ஏற்றி ஏற்றி அவன் கண் அதற்கே பழகிவிட்டதாம். லாபில் ஒருவரும் சொல்லவில்லையாம்.

"செவ்வாய் வரைக்கும் உங்களில சரியான கோவம்" என்றான்.

"புதனோ?"

"புதன் லாபில போய், என்ர பிழை எண்டு சொன்னன். திருப்பிச் செய்யச் சொல்லியிட்டினம்."

"வியாழன்?"

"வியாழனில இருந்து உங்களைத் தேடுறன். பேர் கூடத் தெரியாது." என்றான். "இண்டைக்குத்தான் கண்டுபிடிச்சன், பேரும் பொம்பிளை கூப்பிடேக்க கேட்டன். நீங்கள் என்னெண்டால் வந்து பொய் சொல்லுறீங்கள். எனக்குப் பொய் சொல்ல வேற ஆக்கள் இருக்கினம், கஜனி."

அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. "இந்த வாயால எனக்கு மூண்டு கலியாணம் நிண்டு போச்சு. நாலாவதும் போயிடும் எண்ட பயத்திலதான்..."

நாக்கைக் கடித்துக்கொண்டாள். கடித்து என்ன பிரயோசனம்?

"நாலாவதோ?" ஜூலியனின் கண்கள் அவள் முகத்திலேயே நின்றன. "ஆர் அந்த ஆள்?"

பொய் சொல்லலாம். ஒரு பொய்க்கே இவ்வளவு பாடு...

"நீங்கள்தான்" என்றாள், இம்முறை முகத்தைப் பார்த்து.

அவன் ஒரு அடி கிட்ட வந்தான். பிறகு மெல்ல, "எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. அந்த வாயோட சேர்த்துத்தான்" என்றான். தான் மன்னார்ப் பக்கத்து வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன், சென் ஜேம்ஸ் ரவுணில் சின்ன அப்பார்ட்மெண்டில் இருப்பவன், அவள் வீட்டில் சம்மதிப்பார்களா என்றும் கேட்டான்.

"அம்மா ஒரு மாசம் கதைக்க மாட்டா. பிறகு சரிவரும். நானே சொல்லுறன்."

உள்ளேயிருந்து மணப்பெண் கூப்பிட்டாள், கொசுவம் நழுவுகிறதாம். கஜனி அவசர அவசரமாகக் கன்னத்தைத் தடவினாள்.

"நான் அழுதது தெரியுதோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வேறு யாராயிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பான்.

"நல்லாத் தெரியுது. மை மூக்கு வரைக்கும் வந்திட்டுது" என்று முகம் துடைக்கத் தன் லேஞ்சியை நீட்டினான் ஜூலியன்.