எச்சில் காரை

செஞ்சிக் கோட்டையின் கல்யாண மஹால் சுவரில் பெயர்ந்து தொங்கிக்கொண்டிருந்த சுண்ணாம்புக் காரையை அந்த மனிதர் நகத்தால் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டதை ஜினப்பிரியா பார்த்துவிட்டாள்.

ஒளிந்து மறைந்து செய்ததாகவும் தெரியவில்லை. வெற்றிலை போடுகிறவர் பாக்கை எடுத்துப் போட்டுக்கொள்வது போல வெகு இயல்பாகப் போட்டுக்கொண்டார். பிறகு மெல்லும் சத்தம் கேட்டது. மணல் பல்லில் அரைபடும் அந்தச் சத்தம் வெறிச்சென்று கிடந்த மண்டபத்தில் தூணுக்குத் தூண் மோதித் திரும்பி வந்தபோது அவளுடைய பற்கள் கூசின.

ஜினப்பிரியா செஞ்சிக்காரி. சரித்திரம் படித்துவிட்டு வேலை தேடி அலைந்து, கடைசியில் சொந்த ஊரையே சுற்றிக் காட்டுவதைத் தொழிலாக்கிக்கொண்டவள். காலையில் கோட்டை, சாப்பாட்டுக்குப் பிறகு பாய் நெய்கிற ஊர், அங்கிருந்து மண்பாண்டம் வனைகிற ஊர், பொழுது சாய்வதற்குள் பஸ் ஸ்டாண்டு. வேனும் அதை ஓட்டுகிற கலியபெருமாளும் வாடகைக்கு. இன்றைக்கு வந்திருந்தது ஒரே ஒரு தம்பதி. கணவர் இராமச்சந்திரன், ஐம்பது வயது இருக்கும். மனைவி மங்கை வேனை விட்டு இறங்கவே இல்லை.

"சார், அதையெல்லாம் தொடக்கூடாது. வாட்ச்மேன் பார்த்தா சத்தம் போடுவார்."

"தெரியும்மா." திரும்பினார். உதட்டோரம் வெள்ளையாக இருந்தது. "இது இன்னா கலவை? இத்தினி வருஷம் மழையிலயும் வெயில்லயும் விடாம புடிச்சிட்டிருக்குது?"

"சுண்ணாம்பு, மணல், வெல்லத் தண்ணி, கடுக்காய் ஊறவைச்ச தண்ணினு சொல்வாங்க சார்."

"வெல்லமும் கடுக்காயும் போட்டுப் பாத்துட்டேன்," என்றார். "நிக்கல."

வீடு கட்டுகிறாரோ என்று நினைத்துக்கொண்டாள். அவளுடைய சித்தி மகள் ஒருத்தி பிள்ளை உண்டாகியிருந்த மாதங்களில் சாம்பலைத் திருடித் தின்றதும் நினைவுக்கு வந்தது. மனிதருக்கு ஏதேதோ ஆசை. காசு கொடுத்து வந்திருக்கிறார், முகம் சுளிக்கக்கூடாது.

களஞ்சியத்துக்குள் நுழைந்தபோது வௌவால் புழுக்கையின் காரம் மூக்கில் ஏறியது. வெளி வெயிலுக்குப் பழகிய கண்ணுக்கு உள்ளே கரிய இருட்டுதான் தெரிந்தது. எவ்வளவு நெல் இங்கே கொட்டிவைத்தார்கள், முற்றுகைக் காலத்தில் எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்று அவள் வழக்கம்போலச் சொல்லிக்கொண்டே போனாள். பின்னால், மூலையில், ஈரமான ஒரு சத்தம். நாய் கஞ்சி குடிப்பது போல.

திரும்பினாள். அவர் சுவரோடு முகத்தை ஒட்டவைத்து நின்றுகொண்டிருந்தார். நக்கிக்கொண்டிருந்தார். நாக்கால் ஊறவைத்து, காரையை இளக்கி, பல்லால் கெல்லி, வாய் கொள்ளுமட்டும் அடக்கிக்கொண்டு, பிறகு இடுப்புப் பையிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை எடுத்து அதில் உமிழ்ந்தார். எச்சில் உடனே அறுபடவில்லை. உதட்டுக்கும் டப்பாவுக்கும் நடுவே கோந்து போலத் தொங்கிக்கொண்டு ஆடியது. அவர் அதை விரலில் சுற்றி எடுத்து, வீணாக்காமல், உள்ளே வழித்துவிட்டார்.

ஜினப்பிரியா சமணக் குடும்பத்துப் பெண். அவள் வீட்டில் குழாய் வாயில் துணி கட்டித்தான் தண்ணீர் பிடிப்பார்கள். மண்ணுக்குள் விளைந்தது எதுவும் சமையலறைப் படி ஏறியதில்லை. ஒருவர் வாய் வைத்த டம்ளரை இன்னொருவர் தொட்டால் அம்மா அதைக் கழுவும் வரை நிம்மதியாக இருக்கமாட்டாள். எச்சில் என்ற சொல்லே அந்த வீட்டில் ஒரு தீட்டு.

"வாங்க சார், போலாம்," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளிச்சத்துக்கு ஓடாத குறையாக வந்தாள்.

வேன் வேப்பமரத்தடியில் நின்றது. அந்த அம்மாவாவது மனுஷி போல இருப்பாள் என்று ஒரு இளநீரை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். மங்கை பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். முந்தானையைத் தலைக்கு மேல் போட்டு, மூக்குக்குக் கீழே இழுத்துச் சுற்றியிருந்தாள். கண்கள் மட்டும் தெரிந்தன. சிவந்து, நீர் கோத்து, இமைக்காமல்.

"இளநீர் குடிக்கிறீங்களாம்மா?" என்று காயைத் தூக்கிக் காட்டினாள்.

தலை மெதுவாக இடமும் வலமும் அசைந்தது. அப்போது முந்தானைக்குள்ளிருந்து அந்த வாடை வந்தது. முதலில் நனைந்த மண்ணின் வாசம்தான். அதற்கு அடியில் வேறொன்று. ஊறவைத்து மறந்துபோய், நுரைத்து, புளித்து, நூல் விட்ட அரிசியின் நாற்றம். ஜினப்பிரியா தன்னையறியாமல் ஒரு அடி பின்வாங்கினாள். பின்வாங்கியதை அந்தக் கண்கள் பார்த்துவிட்டன. வெட்கமாக இருந்தது.

"அம்மாவுக்கு உடம்புக்கு என்ன சார்?" என்று சாப்பாட்டுக் கடையில் கேட்டாள். அவர் இலையில் எதையும் தொடவில்லை. தண்ணீரை மட்டும் டம்ளர் டம்ளராகக் குடித்தார்.

"தொண்டைம்மா."

"ஆஸ்பத்திரியில காட்டினீங்களா?"

"காட்டாம? ஒரு டாக்டரு லைட் அடிச்சு உள்ள பாத்தாரு. நல்ல மனுசன். அதுக்கப்புறம் அவுரு வேலைக்கே வரலன்னு சொன்னாங்க." டம்ளரைக் கீழே வைத்தார். "அவளுக்கு நல்லா பாட வரும்மா. கல்யாணத்துக்கு முன்னாடி நாடகத்துலயெல்லாம் பாடியிருக்கா. இப்ப வாய தொறந்தா..." எழுந்து கை கழுவப் போனார். சாப்பிடாத கையை.

பாய் நெய்கிற ஊரில் அவர் தறியைப் பார்க்கவே இல்லை. ஓரம் நறுக்கிப் போட்ட கோரைத் துண்டுகளை அள்ளி வாயில் திணித்துக்கொண்டார். சாயம் ஏறாத பச்சைக் கோரையாகப் பார்த்துப் பொறுக்கினார். தாடை ஏறி இறங்கியது. பச்சைச் சாறு கடைவாயில் வழிந்து, சட்டைக் காலரில் இறங்கி, மார்பில் பரவியது. நெய்துகொண்டிருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார்கள். ஒருத்தி ஓங்கரித்தாள்.

கலியபெருமாள் அவளைத் தனியாக அழைத்தான். "இன்னா மேடம் இந்த ஆளு? மாடு மாதிரி அச போடறாரு. வண்டியே நாறுது. பினாயில் ஊத்திக் கழுவுனாத்தான் நாளைக்கு எவனாவது ஏறுவான்."

"இன்னும் ஒரு ஊருதான் அண்ணா. பொறுத்துக்கோங்க."

வல்லம் தாண்டி வேன் போய்க்கொண்டிருந்தது. இருபுறமும் வேர்க்கடலை வயல். ஏசி போட வேண்டாம், காற்று காயவைத்துவிடும் என்று அவர் காலையிலேயே சொல்லியிருந்தார்; எது காய்ந்துவிடும் என்று அப்போது அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. முன்சீட்டிலிருந்து கண்ணாடியில் பார்த்தாள். அவர் மனைவியின் பக்கம் குனிந்திருந்தார். டப்பா திறந்திருந்தது. வலது கை முந்தானைக்குள் போயிருந்தது. ஊட்டுகிறார் என்று நினைத்தாள். ஆனால் கை உள்ளேயே இருந்தது. ஒரே இடத்தில் முன்னும் பின்னும் போய்வந்தது. விளக்குமாடத்துக்கு மண் பூசி மெழுகுகிற கை அப்படித்தான் போகும். பொறுமையாக. அன்பாக என்று கூடச் சொல்லலாம். சளக், சளக் என்ற சத்தம். மங்கையின் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. விழுங்கும் சத்தம் வரவில்லை. ஒருமுறை கூட.

ஜினப்பிரியா கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டாள்.

மண்பாண்டம் செய்கிற பூவாயி அவளுக்குப் பழக்கமானவள். கரண்ட் சக்கரத்தில் குடம் ஏறிக்கொண்டிருந்தது. வேன் நின்றதும் கலியபெருமாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கி ரோட்டோர டீக்கடைக்கு நடந்துவிட்டான். இராமச்சந்திரன் யாருக்கும் வணக்கம் சொல்லாமல் நேராகப் போய், மிதித்துக் குழைத்து ஈரச்சாக்கு போட்டு வைத்திருந்த களிமண் குவியலின் முன்னால் மண்டியிட்டார்.

"ஏ பிரியா, இன்னா பண்றாரு அவுரு? தூ! வாயில போடறாரு பாரு!"

அவர் மென்றார். துப்பினார். விழுந்தது வெறும் மண். மறுபடி ஒரு கை அள்ளி மென்றார். வறண்ட கட்டியாகவே விழுந்தது. காலையிலிருந்து ஊறிய வாய் இப்போது ஊற மறுத்தது. தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டார். நிமிர்ந்தபோது அந்த முகத்தில் இருந்தது பைத்தியம் இல்லை. பயம். தொட்டிலில் குழந்தையைத் தனியாக விட்டுவிட்டு வந்தவரின் பயம்.

"புளி இருக்குதாம்மா? எலுமிச்சங்கா? எதுனா புளிப்பா குடும்மா, சீக்கிரம்!"

பூவாயி திகைத்துப்போய் உள்ளே எழுந்து போனாள். அந்த நேரத்தில்தான் வேனுக்குள்ளிருந்து தட்டும் சத்தம் வந்தது.

உள்ளங்கையால் கண்ணாடியில் அடிக்கும் சத்தம். தட். தட். தட்.

ஜினப்பிரியா ஓடினாள். கதவை இழுத்தாள். நாற்றம் கெட்டியான துணி போல முகத்தில் வந்து மோதியது. மங்கை முந்தானையைக் கிழிப்பது போல விலக்கினாள்.

வாய் இல்லை.

மூக்குக்குக் கீழே, கன்னத்திலிருந்து கன்னம் வரை, சாம்பல் நிறப் பூச்சு. கோரை நாரும் சுண்ணாம்பும் எச்சிலும் சேர்த்து இழைத்து, விரல் ரேகை தெரிய மெழுகிய பூச்சு. காதுகள் இரண்டும் அதே பூச்சால் அடைபட்டிருந்தன. வலது கடைவாயில் மட்டும் காய்ந்து ஒரு விரிசல். மங்கையின் கை அந்த விரிசலைக் காட்டியது. மறுபடி மறுபடி காட்டியது. ஜினப்பிரியாவின் கையைப் பிடித்து அங்கே கொண்டுபோய் வைத்தது.

பாவி. உயிரோடு வைத்துப் பூசியிருக்கிறான்.

அருவருப்பையெல்லாம் மீறிக் கோபம் வந்தது. விரிசலில் நகத்தைக் கொடுத்தாள். மங்கை தலையை ஆட்டினாள், திமிறினாள். வலிக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டு, "பொறுங்கம்மா, பொறுங்க," என்றபடியே பெயர்த்தாள். முழு மூடியும் ஒன்றாக வந்தது. உள்பக்கம் வழவழவென்று, வெள்ளையாக ஊறி, உதட்டுத் தோலையும் உரித்துக்கொண்டு வந்தது. அவள் கையில் அது வெதுவெதுப்பாக இருந்தது.

மங்கை மூச்சை உள்ளே இழுத்தாள். கத்தவில்லை.

"மூடு," என்றாள். அடித்தொண்டையில், கரகரப்பாக. "மூடுடி. வெளிய வந்துடும்."

அதற்கு மேல் பேச முடியவில்லை. வாய் தானாகத் திறந்தது. இன்னும் திறந்தது. தாடை எலும்பு நறுக்கென்றது. நாக்கு ஓரமாக ஒதுங்கியது. நாக்குக்குப் பின்னால், தொண்டையை அடைத்துக்கொண்டு, காய்ச்சிய பாலின் ஆடை போல வெளிறிய ஏதோ ஒன்று. ஈரமாக. சன்னமான மயிரோடு. அது ஏறி ஏறி இறங்கியது. மேலே வந்தது. பற்கள் வரை. நீட்டியபடியே உறைந்துபோயிருந்த ஜினப்பிரியாவின் விரல் நுனியை மெல்லத் தொட்டுப் பார்த்தது.

பிறகு நக்கியது.

"அய்யோ! இன்னாம்மா பண்ணிட்ட!"

இராமச்சந்திரன் மார்போடு அணைத்த களிமண்ணோடு வேனுக்குள் விழுந்தார். ஒரு கையால் மனைவியின் தாடையைக் கீழிருந்து அழுத்தி மூடினார். உள்ளிருந்து ஏதோ அந்தக் கையை எதிர்த்துத் தள்ளியது. "மண்ணு மட்டும் நிக்காது. தள்ளிடும். எச்சிதான் ஒட்டும். எனக்கு வாய் காஞ்சிபோச்சும்மா, ஊறவே மாட்டேங்குது. நீ மெல்லு."

"நானா?"

"மெல்லும்மா! உன் காலப் புடிக்கறேன்!"

மங்கையின் கண்கள் அவளைப் பார்த்தன. மூக்குத்துவாரங்கள் விடைத்தன. உதடுகளின் இடுக்கில் அந்த வெள்ளை பிதுங்கியது. ஒரு நூலளவு. ஒரு விரலளவு.

ஜினப்பிரியா டப்பாவைப் பார்த்தாள். அடியில் மிச்சமிருந்த விழுது, அவருடைய எச்சிலில் மிதந்த நார். பக்கத்தில் அவர் கொண்டுவந்து போட்ட களிமண். அதில் ஒரு மண்புழு பாதி அறுபட்டு நெளிந்துகொண்டிருந்தது. இரண்டையும் சேர்த்து அள்ளினாள். வாயில் போட்டாள்.

குளிர்ந்தது. கரித்தது. அவருடைய எச்சில் அவளுடைய எச்சிலோடு கலந்தது. மணல் அரைபட்டது. மணலில்லாத ஒன்றும் அரைபட்டது. வயிறு எக்கி எக்கி மேலே வந்தது. வந்ததை மண்ணோடு சேர்த்து மென்றாள். உள்ளங்கையில் உமிழ்ந்தாள். அந்தக் கிழிந்த உதடுகளின் மேல் வைத்தாள். அப்பினாள். கட்டைவிரலால் ஓரத்திலிருந்து ஓரம் வரை இழுத்து மெழுகினாள்.

"இன்னும்," என்றார் அவர். "இன்னும் கொஞ்சம்."

அடுத்த கை அள்ளினாள். பூவாயி புளியோடு வேன் கதவருகில் வந்து நின்றதையும், அது அவள் கையிலிருந்து நழுவி விழுந்ததையும் ஜினப்பிரியா பார்க்கவில்லை. அவள் மென்றுகொண்டிருந்தாள். மங்கையின் மூடிய வாயின் மேல், இன்னும் காயாத பூச்சில் அவளுடைய கட்டைவிரல் அழுந்தியிருந்தது. விரலுக்கு அடியில், மறுபக்கத்திலிருந்து, வெதுவெதுப்பாக ஏதோ ஒன்று புதுப் பூச்சின் ருசியை நிதானமாக நக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது.