வெட்டாமல் வைத்த ஈரல்

வாளியின் மூடியைத் திறந்தபோது அவளுக்குக் கண் எரியவில்லை. அதுதான் முதலில் தப்பாகப் பட்டது.

உறுப்புகளை அழுகாமல் ஊறப்போடும் ஃபார்மலின் வாளி என்றால், மூடி லேசாக விலகியதுமே நெடி மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் முட்ட வேண்டும். இந்த அறையில் வேலை பார்க்கும் யாருக்கும் அது பழகிப்போன தொல்லை. இன்று அந்த நெடியைக் காணோம். அதற்குப் பதிலாக, ஈரத்தோடு மடித்து வைத்து மறந்துபோன போர்வையின் முடைநாற்றமும், அளவு மீறிப் பழுத்த பழத்தின் தித்திப்பும் கலந்த ஒரு வாடை மெதுவாக எழுந்து, முகக் கவசத்தைத் தாண்டி, நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. அதைவிட மோசம், அது அவளுக்குத் தெரிந்த வாடை. ஆபரேஷனுக்கு முந்தைய மாதங்களில் அவள் கணவரின் மூச்சில் வந்தது இதேதான். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, வாயால் மூச்சு விட்டு அவள் சமாளித்த வாடை.

வாளிக்குள் கிடந்ததும் அவருடைய ஈரல்தான்.

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத அந்த ஆராய்ச்சிக்கூடத்துக்குத்தான் ஈரல் மாற்று ஆபரேஷனில் புற்றுநோய்க்காரர்களிடமிருந்து எடுக்கப்பட்ட ஈரல்கள் எல்லாம் வந்து சேரும். கட்டி எங்கே இருக்கிறது, பக்கத்து ரத்தக் குழாய்க்குள் புகுந்துவிட்டதா என்று வெட்டிப் பார்த்தால், புது ஈரலோடு மாடியில் படுத்திருப்பவருக்கு நோய் திரும்புமா திரும்பாதா என்று ஓரளவு சொல்லிவிடலாம். "வெளியே வந்ததைக் கேட்டா, உள்ளே இருக்கிறவர் கதையைச் சொல்லிடும்" என்பார் கூடத்தின் தலைவரான மேடம். ஆராய்ச்சி மேடத்துடையது. வெட்டுவது இவள். ஒரே கனம், ஒரு இழுப்புக்கு ஒரு துண்டு. கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை. அதனால் கூடத்தில் அவளுக்குக் 'கத்தி' என்றே பெயர்.

அந்தக் கத்தியின் கணவருக்கே புற்று வந்தது. அவருடைய தம்பி தன் ஈரலில் பாதியைக் கொடுத்தான். ஆபரேஷனுக்கு முந்தின நாள் இவள் மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரோடதை வேற யாரும் தொட வேண்டாம் மேடம். நானே வெட்டறேன்" என்று கெஞ்சினாள். மேடம் நெகிழ்ந்துபோய்ச் சம்மதித்தார். ஆனால் வாளி கீழே வந்தபோது ஈரல் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. பச்சையும் மஞ்சளுமாய், முழுக்க முண்டும் முடிச்சுமாய், பலகையில் சொதக்கென்று உட்கார்ந்தது. இத்தனை வருஷம் தன் பக்கத்தில் தூங்கியது இதுவுந்தான் என்ற நினைப்பு வந்ததும் அவளுக்குக் கை ஓடவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று முழுசாகவே வாளியில் போட்டு, ஃபார்மலினை ஊற்றி, கீழ்த் தட்டில் பின்னால் தள்ளிவிட்டாள்.

வெட்டாத ஈரலுக்குள் மருந்து இறங்காது. மேலே கெட்டிப்படும், நடுவில் அழுகும். இந்தத் தொழிலின் அரிச்சுவடி அது. தெரிந்தே செய்தாள். கேட்டவர்களிடம், "வெட்டி ஊறப் போட்டிருக்கேன்" என்று கூசாமல் சொன்னாள். நாளைக்கு, நாளைக்கு என்று வாரங்கள் ஓடிவிட்டன.

இப்போது பார்த்தால் மருந்து பாதிக்கும் கீழே இறங்கி, ஈரலின் முதுகு வெளியே தெரிந்தது. வாளியில் ஓட்டை இல்லை, தட்டில் ஒரு சொட்டு ஈரமில்லை. கேனைச் சாய்த்துப் புது ஃபார்மலினை ஊற்றினாள். விளிம்புவரை வந்தது. பிறகு அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, குழந்தை பால் குடிப்பது போன்ற சின்ன சத்தத்தோடு, மெல்ல மெல்ல இறங்கியது. அவள் பதறிப்போய் மூடியை அழுத்தினாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக் கதவைத் திறந்த கணவருக்குக் கண்ணெல்லாம் சிவந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"உன் ஆபீஸ் நெடியை வீட்டுக்கே கொண்டு வந்துட்டியா? மத்தியானத்திலிருந்து மூச்சு விட முடியல" என்றார்.

"நான் இப்பதானேங்க வர்றேன்."

"அதான பார்த்தேன். உனக்கு முன்னாடியே வந்து உக்காந்திருக்கு."

சிரித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்புதான். பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம், "ஊர்ல தம்பிங்க சொத்தைப் பிரிச்சுக் கேப்பாங்க. என் தம்பி ஈரலைப் பிரிச்சுக் குடுத்தான்" என்று ஒரே ஜோக்கைச் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டார். அவர் குனிந்து அவள் பையை வாங்கியபோது அவருடைய மூச்சு அவள் முகத்தில் பட்டது. சுரீரென்று கண் எரிந்தது. சுத்தமான, கலப்பில்லாத ஃபார்மலின் நெடி.

அதற்குப் பிறகு அவர் நாளுக்கு நாள் வெளிறிப்போனார். ரத்தப் பரிசோதனை நன்றாக இருந்தது, ஸ்கேன் நன்றாக இருந்தது, டாக்டர்கள் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். ஆனால் இவள் தினமும் அவர் வயிற்றுத் தழும்புக்கு மருந்து தடவுகிறவள். அந்தத் தோல் சாம்பல் நிறமாகிக்கொண்டு வந்தது. சில்லிட்டிருந்தது. அழுத்தினால் குழி விழவில்லை. ரப்பரைத் தொடுவதுபோல, ஊறிக் கெட்டிப்பட்ட சதையைத் தொடுவதுபோல இருந்தது. கூடத்தில் வாளியை நிரப்பிவிட்டு வருகிற நாட்களில் இன்னும் கெட்டியாக இருந்தது. தடவி முடித்ததும் குளியலறைக்குப் போய், சோப்பை நகக்கண்ணில் எல்லாம் தேய்த்துத் தேய்த்துக் கை கழுவினாள். கட்டிய கணவரைத் தொட்டுவிட்டு இப்படிக் கழுவுகிறோமே என்று தன் மேலேயே அருவருப்பாக வந்தது. ஆனாலும் கழுவாமல் இருக்க முடியவில்லை. அவர் சாப்பிட உட்கார்ந்து, "எதுலயும் ருசியே இல்லடி" என்று சொல்லிக்கொண்டே மென்று மென்று விழுங்கும்போது, அவள் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

வாளியில் இருந்ததோ தளதளவென்று ஆகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பெரிதாக இருந்தது. முடிச்சுகளுக்கு இடையில் இளஞ்சிவப்பு ஓடியது. இப்போது வாளியின் சுவரை எல்லாப் பக்கமும் முட்டிக்கொண்டு, மூடியின் உட்புறத்தில் வழவழவென்று எதையோ அப்பி வைத்திருந்தது. மூடி திறக்கும்போது அது நூல் நூலாக இழுபட்டது.

மேடம் ஒருநாள் மத்தியானம் அவள் மேஜைக்கே வந்தார்.

"நாளைக்கு டாக்டருங்க கூட்டத்துல உன் வீட்டுக்காரர் விஷயம்தான் முதல்ல வருது. கட்டி குழாய்க்குள்ள போயிருந்தா உடனே மருந்தை மாத்தணும். இதுக்கு மேல தள்ளினா அவர் உயிருக்குத்தான் ஆபத்து. வெட்டினதைக் காட்டு."

"இன்னிக்கு முடிச்சுடறேன் மேடம்."

மேடம் கீழ்த் தட்டை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் மற்றவர்கள் கிளம்பியபின், கூடத்தில் குளிர்பெட்டியின் உறுமலும், மேலே எங்கோ பெய்கிற மழை சுவருக்குள் குழாய் வழியாக இறங்கிப் போகிற சத்தமும் மட்டும் இருந்தன. அவள் ஏப்ரனைக் கட்டி, இரட்டைக் கையுறை போட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு இரண்டு கையையும் வாளிக்குள் விட்டாள். பிடி கொடுக்காமல் வழுக்கியது. விரல்களை அடியில் கொடுத்து நெம்பியபோது, வாளி விட மனமில்லாமல் விடுவதுபோல ஒரு நீண்ட உறிஞ்சல் சத்தம் எழுந்தது. தூக்கிப் பலகையில் போட்டாள். கையுறை இரண்டு போட்டிருந்தும் வெதுவெதுப்பு உள்ளே வந்தது.

அப்போது போன் அடித்தது. கணவர். முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"எப்ப வர்றே? என்னமோ பண்ணுது. யாரோ வயித்துக்குள்ள கையை விட்டுத் தூக்கின மாதிரி இருந்துச்சு."

அவள் பலகையில் இருந்ததைப் பார்த்தாள். ஒரு விரலை நீட்டி, அதன் ஓரத்தில் மெதுவாக வைத்தாள்.

"ஐயோ, இப்பக்கூட. வலது பக்கம். யாரோ தொடற மாதிரி."

விரலை எடுத்தாள்.

"போயிடுச்சு" என்றார்.

வாய்க்குள் எச்சில் ஊறி நிறைந்தது. துப்ப இடமில்லாமல் விழுங்கினாள். இதெல்லாம் மனப்பிரமை, ஒரு வெட்டு போட்டால் உள்ளே அழுகலைப் பார்த்துவிடலாம், வெட்டாவிட்டால் நாளைக்குச் சொல்ல ஒன்றுமில்லை, சொல்லாவிட்டால் அவர் பிழைக்கமாட்டார். கத்தியை எடுத்தாள். நுனியை மட்டும் வைத்தாள். நகம் கீறுகிற அளவுக்குத்தான்.

போனில் அவர் அலறினார்.

கீறலில் ரத்தம் பூத்தது. சிவப்பு. புது ரத்தம். கத்தியைப் போட்டுவிட்டு, இரண்டு உள்ளங்கையாலும் கீறலை மூடி அழுத்திக்கொண்டாள். அடியில் துடித்தது. நிதானமாக. அவர் மார்பில் தலை வைத்துப் படுத்த நாட்களில் கேட்ட அதே நிதானம். விரல் இடுக்கில் சூடாக ஊறி வந்தது. அந்த வாடை. வாயில், தலைமுடியில், எங்கும்.

"என்னங்க. பேசுங்க. ஒண்ணும் இல்ல. நான் பிடிச்சுக்கிட்டேன்."

போனில் மூச்சிரைப்பு மட்டும் கேட்டது.

கதவு திறந்தது. மேடம். ஏற்கெனவே கையுறை போட்டிருந்தார்.

"எனக்குத் தெரியும். நீ இன்னும் வெட்டவே இல்லதானே?" குரலில் கோபம் இல்லை. "தப்பு என்னோடது. சொந்தக்காரங்களோடதை உன்கிட்ட விட்டிருக்கவே கூடாது. தள்ளு."

"வேண்டாம் மேடம். ரத்தம் வருது. அவருக்கு வலிக்குது."

மேடம் பலகையைக் குனிந்து பார்த்தார். "எங்க ரத்தம்? நல்லா கெட்டியா, சாம்பலா இருக்கு. உன் அதிர்ஷ்டம், அழுகக்கூட இல்ல." போனைப் பார்த்துச் சொன்னார்: "சார், உங்க வீட்டம்மாவைக் கொஞ்ச நேரம் என்கிட்ட விடுங்க. உங்க நல்லதுக்குத்தான்."

போனில் எதையோ சொல்ல முயன்று முடியாமல் போகிற சத்தம்.

"மேடம், அது அவர். அதுதான் அவர்."

"அழாதேம்மா" என்று மேடம் அவளைத் தோளால் நகர்த்தினார். ஒரு அம்மா மகளை அடுப்பிலிருந்து நகர்த்துவதுபோல, அன்பாக. அவள் கை வழுக்கியது. மறுபடி எட்டிப் பிடிப்பதற்குள், இவளுக்கு வெட்டக் கற்றுக்கொடுத்த அந்தக் கை ஒரே இழுப்பில் இழுத்துவிட்டது.

போனின் அந்தப் பக்கம், வீட்டில் நாற்காலி சரிந்தது.

இன்னொரு இழுப்பு.

தரையில் குதிகால் தேய்கிற சத்தம்.

இன்னொன்று.

துண்டுகள் பலகையில் வரிசையாகச் சாய்ந்தன, ஒரே கனத்தில். அவள் வாயைத் திறந்தாள். வாந்திதான் வந்தது. மேடம் ஒரு துண்டை விரலில் ஏந்தி விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். முகம் மலர்ந்தது.

"வந்து பாரு. குழாய் எல்லாம் சுத்தம். கட்டி அதோட இடத்தை விட்டு நகரவே இல்ல. இனிமே பயமில்ல. உன் வீட்டுக்காரர் தப்பிச்சுட்டாரு."

போனில் சத்தமே இல்லை. மேடத்தின் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை சிவப்பாக வழிந்து தரையில் சொட்டியது. தூக்கிப் பிடித்த துண்டின் நடுவே, வெட்டுப்பட்ட பெரிய ரத்தக் குழாயின் வாய் சுருங்கி மூடியது. திறந்தது. காற்றுக்குத் தவிப்பதுபோல மறுபடி மூடியது.

மேடம் அதைப் பத்திரமாக வரிசையில் வைத்துவிட்டு, அடுத்த துண்டுக்குக் கத்தியை எடுத்தார்.