கசங்காத கோட்

காலையில் மேலாளரிடம் சாவி வாங்கிக் கடையின் ஷட்டரைத் தூக்கிய விற்பனைப் பெண், மாடிப்படியின் அடியில் ஒரு பொம்மை சரிந்து கிடப்பதாகத்தான் முதலில் நினைத்தாள். கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மைக்கு என்ன போட்டிருந்ததோ, அதே உடைதான் இதற்கும். சாம்பல் நீல லினன் கோட், பாலாடை நிறக் கால்சட்டை, கருஞ்சிவப்புப் பட்டு டை, மார்புப் பையில் வெள்ளைக் கைக்குட்டை, பழுப்புத் தோல் ஷூ. தூக்கி நிறுத்தலாம் என்று தோளில் கை வைத்தாள். வைத்த கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

ஒன்பது மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தபோது வாசலில் கூட்டம் கூடியிருந்தது. பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். மீதிப் பேர் வசந்தகாலக் கோட் வாங்க வந்தவர்கள். கையில் போன ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையை மடித்து வைத்திருந்தார்கள். கூட்டத்தை விலக்கி உள்ளே போன இன்ஸ்பெக்டருக்கு, செத்தவர் யாரென்று தெரிந்ததும் முதலில் வந்தது இரக்கம் அல்ல, எரிச்சல்.

ஊரே அவரைக் 'கத்தரி' என்றுதான் கூப்பிடும். பத்திரிகையில் ஆண்கள் உடை பற்றி வாராவாரம் எழுதுகிறவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு குட்டிக் கத்தரிக்கோல் இருக்கும்; மட்டமான தையலைப் பார்த்துவிட்டால் எழுத்திலும் தயவு தாட்சண்யம் இல்லாமல் நறுக்குவார். அதனாலேயே அவர் நல்லது என்று சொன்னால் ஜனங்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள். கடைசியாக அவர் சிபாரிசு செய்தது இந்தக் கடையின் லினன் கோட்டை. 'விலை கொஞ்சம் கடிக்கும், ஆனால் வெயிலில் உடம்போடு சேர்ந்து மூச்சு விடும் துணி' என்று எழுதியிருந்தார். அதைப் படித்துத்தான் இன்ஸ்பெக்டர் தன் கணவனுக்கு ஒன்று வாங்கினாள். மனுஷன் அதைப் போட்டுக்கொண்டு ஒரு விருந்துக்குப் போய், மழையில் நனைந்தவர் போலத் திரும்பி வந்தார். பிளாஸ்டிக் பையைப் போர்த்திக்கொண்ட மாதிரி இருக்கிறது என்று அதைக் கழற்றி எறிந்தார். காசு கொடுத்தால் கத்தரியும் மழுங்கும் போலிருக்கிறது என்று அன்றைக்கு அவள் பொருமினாள்.

அந்தக் கத்தரிதான் இப்போது வாய் பிளந்து கிடந்தார். குள்ளமான, ஒல்லியான மனிதர். பின்தலையில் காயம்.

"படியில வழுக்கிட்டார் மேடம். புது ஷூ, தோல் அடி. வேற ஒண்ணும் இல்ல. சீக்கிரம் எடுத்தீங்கன்னா கடையைத் திறந்துடலாம்" என்றார் மேலாளர். முதலாளியின் மைத்துனர் அவர். குடத்துக்குக் கைகால் முளைத்தது போன்ற உருவம்.

"ஒரு ஆள் செத்துக் கிடக்கிறார். உங்களுக்குக் கடை திறக்கணுமா?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

முதலாளி படியின் ஓரத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். பனைமரம் போல நெடுநெடுவென்ற ஆள், இப்போது மடங்கிப் பாதியாகியிருந்தார். செத்தவரும் அவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. நேற்று மாலை கத்தரி வந்ததாகவும், வசந்தகால உடைகளைத் தானே உடுத்திப் பார்த்து எழுத வேண்டும், தனியாக விடு என்று கேட்டதாகவும், ஒரு சாவியைக் கொடுத்துவிட்டுத் தான் வீட்டுக்குப் போனதாகவும் சொன்னார். மேலாளரும் கட்டிங் மாஸ்டரும் அதற்கு முன்பே கிளம்பிவிட்டார்களாம். கடைச் சாவி இந்த மூவரிடமும் உண்டு. ராத்திரி யாரும் திரும்பி வரவில்லை என்று மூவரும் சொன்னார்கள்.

கட்டிங் மாஸ்டர் கழுத்தில் தொங்கிய டேப்பைத் திருகியபடி ஒதுங்கி நின்றார். குனிந்து வெட்டியே கூன் விழுந்த முதுகு. போன வருஷம் அவர் தைத்த தோள்பட்டையைக் கத்தரி பத்திரிகையில் கிழித்து எழுத, கடை வாசலிலேயே இருவருக்கும் வாய்ச்சண்டை நடந்ததை மேலாளர் கேட்காமலே எடுத்துக் கொடுத்தார்.

"ஆமா, சண்டை போட்டேன். அவர் எழுதினது சரிதான். அதனாலதான் ஆத்திரம் வந்துச்சு" என்றார் மாஸ்டர்.

இன்ஸ்பெக்டர் உடலருகே மண்டியிட்டாள். மாடியிலிருந்து உருண்ட ஒருவரின் கோட்டில் ஒரு சுருக்கம்கூட இல்லை; முழங்கை மடிப்பில்கூட இல்லை. டையின் முனை பெல்ட்டோடு நிற்காமல் நீண்டு, கால்சட்டைக்குள் செருகப்பட்டிருந்தது. உடலை மெல்லத் திருப்பச் சொன்னாள். கோட்டின் பின்பக்கப் பிளவை மூடிப் பெருக்கல் குறி போலப் போட்ட வெள்ளை நூல், வெட்டப்படாமல் அப்படியே இருந்தது.

அந்த நூலைப் பார்த்ததும் அவளுக்குச் சுருக்கென்றது. கோட்டை அடுக்கி வைக்கும்போது பிளவு விரியாமலிருக்கக் கடைக்காரர்கள் போடும் தையல் அது. போட்டுப் பார்ப்பதற்கு முன் அதை வெட்டச் சொல்லுங்கள், அது இருக்கும்வரை கோட் எப்படி விழும் என்றே தெரியாது என்று கத்தரி எத்தனையோ வாரம் எழுதியிருக்கிறார். படித்துப் படித்து அவளுக்கே மனப்பாடம்.

மாடி ஏறினாள். படி முழுக்க மெத்தென்ற கம்பளம். போட்டுப் பார்க்கும் அறையில் ஆளுயரக் கண்ணாடி, ஒரு நாற்காலி, காலி கொக்கிகள். கத்தரி வரும்போது போட்டிருந்த உடை எங்கே? எங்குமே இல்லை. குட்டிக் கத்தரிக்கோலும் இல்லை. அடுத்த அறை இஸ்திரி போடும் இடம். மேசை மேல் ஒரு பீங்கான் தட்டில் எரிந்த தீக்குச்சியும், அதனருகே கடுகளவு கறுப்பு உருண்டை ஒன்றும் கிடந்தன. தொட்டாள், கல் போலக் கெட்டி. பக்கத்தில் கனமான இரும்பு இஸ்திரிப் பெட்டி. கடையில் மற்றதெல்லாம் லேசான தூசு படிந்திருக்க, அது மட்டும் துடைத்து வைத்தது போலப் பளபளத்தது. டாக்டரைக் கூப்பிட்டுக் காயத்தைப் பார்க்கச் சொன்னாள். நேர்கோடாகப் பிளந்திருக்கிறது, கம்பளம் விரித்த படி இப்படிப் பிளக்காது என்றார் அவர்.

அந்த நேரம் பார்த்து மேலதிகாரி போன் செய்தார். பெரிய கடை, மதிப்பான ஆள், வழுக்கி விழுந்ததை ஊதிப் பெரிதாக்க வேண்டாம் என்று பக்குவமாகச் சொன்னார். இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்தபடி கேட்டுக்கொண்டாள். "ஐயா, இது கொலை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

கீழே கத்தரியின் அக்கா வந்திருந்தார். தம்பியும் அவரும் ஒரே வீட்டில் இருந்தவர்கள். முதலாளி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இந்தக் கோட்டுக்கு இனிமே அவன் பேரைத்தான் வைக்கப் போறேன்" என்று விம்மினார். அந்த அம்மாள் நன்றியோடு தலையாட்டினார். அழவில்லை. தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் அவரைத் தனியே அழைத்து, நேற்றுத் தம்பி எப்படி இருந்தார் என்று கேட்டாள். காலையிலிருந்து சாப்பிடவில்லை, யாரோ வாசகர் வீட்டுக்கே வந்து ஏதோ சொல்லிவிட்டுப் போனதிலிருந்து அறைக்குள் நடந்துகொண்டே இருந்தான் என்றார் அக்கா.

"யார் மேலடா கோபம்னு கேட்டேன். 'என் மேலதான்க்கா. பார்க்காம எழுதிட்டேன்'னான். அவ்வளவுதான்."

"காசு வாங்கிட்டு எழுதுவாரா?"

அக்கா நிமிர்ந்து பார்த்த பார்வையில் இன்ஸ்பெக்டருக்கே கொஞ்சம் கூசியது. "ஒரு கைக்குட்டை ஓசியில வாங்கமாட்டான். அந்த டையைப் பாருங்கம்மா. முனை பெல்ட்டைத் தாண்டினாலே முகம் சுளிப்பான். கால்சட்டைக்குள்ள செருகுவானா அவன்? யாரோ உடுத்திவிட்டிருக்காங்க என் தம்பிக்கு."

இன்ஸ்பெக்டர் பொம்மையின் கோட்டுக் கையைப் பிடித்து முஷ்டிக்குள் கசக்கினாள். விட்டாள். துணி சட்டென்று நிமிர்ந்து, ஒன்றுமே நடக்காதது போல நின்றது. உள்தையலின் ஓரத்துத் துணியிலிருந்து ஒரு இழையை உருவி, ஏட்டிடம் தீப்பெட்டி வாங்கிக் கொளுத்தினாள். லினன் நூல் காகிதம் போல எரிந்து சாம்பலாக வேண்டும். இது சுருண்டு, உருகி, கடுகளவுக் கறுப்பு உருண்டையாகி நின்றது. தீப்பிடித்து இறந்தவர்களின் தோலோடு இப்படி உருகி ஒட்டிய துணிகளை அவள் பார்த்திருக்கிறாள். அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் அவளுக்குள் கொதித்தது. இத்தனை நாள் அவள் ஏசிய மனிதர் இதைக் கண்டுபிடிக்கத்தான் இங்கே வந்திருக்கிறார்.

முதலாளி, மேலாளர், மாஸ்டர் மூவரையும் கண்ணாடி முன் நிற்க வைத்தாள். செத்தவர் கழுத்திலிருந்து கழற்றிய டை, முடிச்சு அவிழ்த்து அவள் கையுறைக் கையில் தொங்கியது. இரவெல்லாம் முடிச்சிலிருந்த பட்டு. இறுகிய இடத்தில் சுருக்கம் தெளிவாகத் தெரிந்தது. அதன் நீளத்தை நூல் பிடித்து அளந்து, அதே அளவுக்கு இன்னொரு டையை எடுத்து, சுருக்கம் இருந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டாள்.

"எப்பவும் கட்டுற மாதிரி கட்டுங்க. ஒவ்வொருத்தரா."

மேலாளர் முணுமுணுத்துக்கொண்டே கட்டினார். முனை அவர் தொப்பைக்குக் கீழே பெல்ட்டைத் தொட்டபோது, சாக்பீஸ் கோடு முடிச்சைத் தாண்டிக் காலருக்குள் போய் ஒளிந்துகொண்டது. கட்டிங் மாஸ்டர் கட்டினார். அவர் உயரத்துக்கும் அதே கதைதான், கோடு கழுத்துப் பக்கம் போனது.

முதலாளி நகரவில்லை.

"என்ன மேடம் விளையாட்டு இது? என் சிநேகிதன் செத்துக் கிடக்கான்."

"கட்டுங்க."

கட்டினார். விரல்களுக்குப் பழக்கம் மறக்கவில்லை. முனை பெல்ட்டைத் தொட்டது. சாக்பீஸ் கோடு முடிச்சின் நட்டநடுவில் வெள்ளையாக நின்றது.

"செத்தவர் கழுத்துல டை கட்டுறது லேசில்ல. தலை நிக்காது. அதனால கொன்னவர் தன் கழுத்துல கட்டி, தளர்த்தி, அவருக்கு மாட்டி இறுக்கியிருக்கார்" என்றாள் இன்ஸ்பெக்டர். "முடிச்சு விழுந்த இடம் உங்க உயரத்துக்குத்தான் பொருந்துது. கட்டினவர் நெட்டை. செத்தவர் குள்ளம். முனை தொடை வரைக்கும் தொங்கியிருக்கு. திரும்பக் கட்ட நேரமில்ல, உள்ள செருகிட்டீங்க. அவசரத்துல பின்பக்க நூலையும் மறந்துட்டீங்க. ரத்தம் பட்ட அவர் உடையை எடுத்துக்கிட்டீங்க. சொல்லுங்க, எங்க இருக்கு?"

முதலாளியின் கண் வாசல் பக்கம் போனது. ஏட்டு வாசலில் நின்ற அவர் காரைத் திறந்தார். பின்பெட்டியில், கடையின் பேர் போட்ட பையில், கத்தரியின் சட்டையும் கால்சட்டையும் பழைய கோட்டும் ஷூவோடு சுருட்டிக் கிடந்தன. சட்டைப் பையில் அந்தக் குட்டிக் கத்தரிக்கோல்.

அதற்குப் பிறகு முதலாளி தானாகவே பேசினார். நல்ல லினன் கட்டுப்படியாகவில்லை. போலித் துணியை லினன் என்று தைத்து, 'இந்தத் தடவை நீ பார்க்கவே வேண்டாம், நான் சொல்றேன்ல' என்று சிநேகிதனிடம் சொல்ல, அவரும் நம்பி எழுதிவிட்டார். நேற்று அவர் வந்து கண்ணெதிரே நூலைக் கொளுத்திக் காட்டி, வருகிற ஞாயிற்றுக்கிழமை வாசகரிடம் மன்னிப்புக் கேட்டு எழுதப்போவதாகச் சொன்னார். அப்படி எழுதினால் கடை படுத்துவிடும். கெஞ்சியும் அவர் கேட்கவில்லை. அவர் திரும்பி நடந்தபோது இஸ்திரிப் பெட்டி கைக்கு எட்டியது. அப்புறம் அந்தக் கோட்டையே உடுத்திவிட்டது, அதை அவர் விரும்பிப் போட்டுக்கொண்டே செத்தார் என்று ஊர் நம்பட்டும் என்று.

"செத்த பிறகும் அவரை உங்க கடைப் பொம்மையா நிறுத்தப் பார்த்தீங்க" என்றாள் இன்ஸ்பெக்டர்.

முதலாளி அக்காவைப் பார்த்தார். "அக்கா, ஏதோ வெறியில... என்னை மன்னிச்சிடுங்கக்கா."

"என்னை அக்கான்னு கூப்பிடாதே" என்றார் அந்த அம்மாள். சத்தமே போடவில்லை. "ஊர்ல எல்லார் துணியையும் சோதிச்சான். உன்னோடதை மட்டும் சோதிக்கல. அவன் செஞ்ச ஒரே தப்பு அதுதான். அதையும் திருத்திக்க விடாம அடிச்சுக் கொன்னுட்டே."

பிறகு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பி, முதலில் தம்பியின் உடம்பிலிருந்து அந்த உடையைக் கழற்றச் சொன்னார். ஒரு பொட்டுத் துணி பாக்கி இருக்கக் கூடாது, வீட்டிலிருந்து வேறு கொண்டுவருகிறேன் என்றார். அது சாட்சிப் பொருள், கழற்றித்தான் தீரவேண்டும் என்று இன்ஸ்பெக்டர் சொல்ல, தலையசைத்தார்.

முதலாளியை ஜீப்பில் ஏற்றும்போதும் கூட்டம் கலையவில்லை. என்ன நடந்ததென்று புரியாமல், கடை எப்போது திறக்கும் என்று ஒரு பெரியவர் கேட்டார். கையில் கத்தரியின் எழுத்தை நாலாக மடித்து வைத்திருந்தார். ஏட்டு அவரை விரட்டப் போனார். இன்ஸ்பெக்டர் கையமர்த்தினாள். அக்கா வாசலுக்கு வந்துவிட்டிருந்தார்.

"அதை எழுதினது என் தம்பி" என்றார் அந்தப் பெரியவரிடம். "இந்தக் கோட் லினன் இல்லீங்க. வாங்காதீங்க. எழுதினதுக்கு அவன் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு இருந்தான்."

பெரியவர் அவர் முகத்தையும் உள்ளே மூடிக்கிடந்த உடலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் காகிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நகர்ந்தார். அடுத்து நின்றவரிடம் அக்கா அதையே சொன்னார். அதற்கடுத்தவரிடமும். ஆம்புலன்ஸ் வந்து தம்பியை ஏற்றிய பிறகு ஏட்டு வந்து கூப்பிட்டபோதும், வரிசையில் இன்னும் ஆள் இருக்கிறது, இருங்கள் என்றார். இன்ஸ்பெக்டர் வண்டியை நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டு, அந்த அம்மாளுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.