சுண்டெலி கேட்ட வெயில்

கண்ணை மூடிக்கொண்டே, எந்த மெஷினில் யார் தைக்கிறார்கள் என்று சொல்லிவிடுவாள் சுண்டெலி.

பள்ளியில் அவளுக்கு வேறு பெயர். ஆனால் அம்மா வேலை செய்யும் தையல் கூடத்தில், துணித் துண்டுகள் குவிந்த மூலையில் எப்போதும் எதையாவது கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால், அங்கே எல்லோருக்கும் அவள் சுண்டெலிதான்.

"டர்ர்ர்ர்ர்ர்" என்று நிற்காமல் ஓடினால், அது ரயில் அக்கா. சட்டையின் பக்கவாட்டுத் தையல் அவருடையது. கையிலிருந்து இடுப்புவரை ஒரே ஓட்டம். "டட்டட்டட்... டக்!" என்றால் பொத்தான் அண்ணன். பொத்தான் துளை வரும் இடத்தைச் சுற்றித் தைத்து முடித்ததும் ஒரு குட்டிக் கத்தி இறங்கித் துணியை வெட்டும். அதுதான் அந்த "டக்".

அம்மா தைப்பது காலர். காலருக்கு ஒரு சின்னப் பக்கம், ஒரு நீளப் பக்கம், மறுபடி ஒரு சின்னப் பக்கம். முனை வந்ததும் ஊசியைத் துணிக்குள்ளேயே நிறுத்திவிட்டு, துணியைத் திருப்ப வேண்டும். அதனால் அம்மாவின் மெஷின் "டர்... டர்ர்ர்ர்... டர்" என்று பாடும். பத்து மெஷின் ஒன்றாக ஓடினாலும் அந்தப் பாட்டு மட்டும் சுண்டெலிக்குத் தனியாகக் கேட்கும்.

அந்த வெள்ளிக்கிழமை பள்ளியில் ஓவிய டீச்சர், பூமி சூடாவதைப் பற்றி எல்லோரும் வரைந்த படங்களை மேசையில் பரப்பினார்.

"காய்ச்சல் வந்த பூமி இருபத்தேழு இருக்கு. எல்லா பூமி வாயிலயும் தெர்மாமீட்டர். உன் பூமி எதும்மா?"

சுண்டெலி தேடினாள். அவளாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

"பூமி சூடாகுறதைப் பத்தி வேற மாதிரி யோசிங்க. படம், கதை, பாட்டு, எதுவா வேணா இருக்கட்டும். ஆனா அதைப் பார்த்து ஒரே ஒரு ஆளாவது எழுந்து போய் ஒரு வேலை செய்யணும். ரெண்டு வாரம் டைம்."

"யாரும் எழுந்து போகலைன்னா மார்க் குறையுமா டீச்சர்?" என்றான் பின் பெஞ்சுப் பையன்.

"மார்க்கை விடு. நீ செஞ்சது நல்லா இருக்கா இல்லையான்னு உனக்கே தெரிஞ்சிடும்."

மறுநாள் சனிக்கிழமை. காலையிலிருந்தே சுண்டெலி கூடத்தில் இருந்தாள். பத்து மணிக்கு மெஷின்கள் குதிரை மாதிரி ஓடின. பன்னிரண்டு மணிக்கு மாடு மாதிரி நடந்தன. மேலே தகரக் கூரை "டிக், டிக்" என்று நெளிந்தது. சூடானால் தகரம் விரியும். விரிய இடமில்லாவிட்டால் இப்படித்தான் முனகும்.

இரண்டு மணிக்குக் கண்ணை மூடி விளையாடத் தொடங்கினாள். ரயில் அக்கா... சரி, நின்று நின்று போகும் ரயில். பொத்தான் அண்ணன்... "டட்டட்" கேட்டது, "டக்" வரவே இல்லை. அம்மா?

"டர்..."

அடுத்தது வரவில்லை. சுண்டெலி பத்துவரை எண்ணினாள். இருபதுவரை எண்ணினாள். கண்ணைத் திறந்தாள்.

அம்மா மெஷின்மேல் தலையைச் சாய்த்துக் கிடந்தார்.

"அம்மா!"

ரயில் அக்கா தண்ணீரோடு ஓடி வந்தார். பொத்தான் அண்ணன் துணியை நனைத்து அம்மாவின் கழுத்தில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் அம்மா கண் விழித்து, "ஒண்ணுமில்லடி, லேசா தலை சுத்துச்சு" என்றார். சொல்லும்போது உதடு காய்ந்திருந்தது.

முதலாளி முன்னறையிலிருந்து வந்தார். அந்த அறைக்கு மட்டும் கான்கிரீட் கூரை. நல்ல மனிதர்தான், அம்மாவுக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். ஆனால் பொத்தான் அண்ணன் சுவரில் தொங்கிய வெப்பமானியைக் காட்டி, "நாப்பத்தொண்ணு முதலாளி" என்றபோது, அவர் கையை விரித்தார்.

"வெயில் காலத்துல வெயில் அடிக்காம பனியா கொட்டும்?"

"முன்னெல்லாம் இந்த மாதிரி நாள் வருஷத்துக்கு நாலஞ்சு வரும். இப்ப வாரத்துக்கு நாலஞ்சு வருது."

"நாப்பது, நாப்பத்தொண்ணு... எல்லாம் நம்பர்ப்பா. ஓரமா உக்காந்து காத்து வாங்கிட்டுத் தைங்க."

அன்று வீட்டில் அம்மா படுத்திருக்க, சுண்டெலி பக்கத்தில் உட்கார்ந்து யோசித்தாள். முதலாளிக்கு எண் காதில் ஏறவில்லை. அப்படியென்றால் அவர் காதில் எது ஏறும்?

அவரும் ஒரு காலத்தில் தையல்காரர். முன்னறையில் இருந்தபடியே, மெஷின் சத்தத்தை மட்டும் கேட்டு, "யாரது, நூல் அறுந்துபோச்சா?" என்று கத்துவார். சொன்னால் சரியாக இருக்கும்.

சுண்டெலி துணிப் பையைக் கவிழ்த்தாள். கூடத்திலிருந்து கொண்டுவந்த துண்டுகளில் நீலம், மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நான்கு நிறங்களைப் பொறுக்கி, ஒட்டுப்போட்டு, ஒரு நீள நாடாவாக்கினாள். காலை பத்து மணிக்கு நீலம், இரண்டு மணிக்குச் சிவப்பு. அதன்மேல் கறுப்பு நூலால் சத்தத்தைத் தைத்தாள். சின்னச் சத்தத்துக்குச் சின்னத் தையல், நீளச் சத்தத்துக்கு நீளத் தையல், அமைதிக்கு வெற்றுத் துணி. நீலத்தில் தையல்கள் எறும்பு வரிசை போல நெருங்கி இருந்தன. சிவப்பில், இங்கொன்று அங்கொன்று.

"என்னடி தைக்கிற?" என்றார் அம்மா.

"உங்களைத்தான்மா."

"கோணலா தைக்காத."

அடுத்த சனிக்கிழமை மதியம் முன்னறைக் கதவைத் தட்டினாள். ஒரு கையில் நாடா, மறு கையில் டிபன் பாக்ஸும் கரண்டியும்.

"சாப்பாடு கொண்டாந்தியா சுண்டெலி?"

"இல்ல மாமா, விளையாட்டு. நான் தட்டுவேன். யாரு தைக்கிறாங்கன்னு நீங்க சொல்லணும்."

முதலாளி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். சுண்டெலி நாடாவை மேசையில் விரித்து, நீலத்தைப் பார்த்துத் தட்டினாள். குட்டைத் தையலுக்கு ஒரு தட்டு, நீளத் தையலுக்குக் கரண்டியால் மூடியின்மேல் ஒரு தேய்ப்பு.

"பக்கத் தையல்! ரயிலு!" என்றார் முதலாளி. "இது பொத்தான். ஆ, இது காலர், உங்கம்மா! என் காதை ஏமாத்த முடியுமா?"

மஞ்சள். "இப்பவும் உங்கம்மாதான். கொஞ்சம் மெதுவா."

ஆரஞ்சு. "காலர்தான்... ஆனா முனையில ஏன் இவ்வளவு நேரம் நிக்குது?"

சிவப்பு. சுண்டெலி ஒரு முறை தட்டினாள். பிறகு கரண்டியைத் தூக்கியபடியே இருந்தாள். வெற்றுத் துணியின்மேல் அவள் விரல் மெல்ல நகர்ந்தது. மேலே மின்விசிறி சுற்றியது.

"அப்ப கரண்ட் போயிடுச்சா?"

"இல்ல மாமா."

"ஊசி உடைஞ்சுதா?"

"இல்ல மாமா. அம்மாதான். மெஷின் நல்லாத்தான் இருந்துச்சு."

முதலாளி நாடாவைக் கையில் எடுத்தார். சிவப்புத் துண்டைக் கட்டைவிரலால் தடவினார். 

"பெரிய ஏசி ஒண்ணு வாங்கி மாட்டிடட்டுமா?" என்றார் கடைசியில். குரல் இறங்கியிருந்தது.

"ஏசி உள்ளே இருக்குற சூட்டைத் தூக்கித் தெருவுல போடும் மாமா. அது ஓட நிறைய கரண்ட் வேணும். கரண்டுக்கு நிலக்கரி எரிப்பாங்க. அதுல வர்ற கரியமில வாயு போர்வை மாதிரி பூமியை மூடுறதாலதான் இவ்வளவு சூடே. போர்வைக்கு மேல இன்னொரு போர்வை ஆயிடும்."

"அப்புறம் என்னதான் செய்யச் சொல்ற?"

"வெளிய வாங்க, காட்டுறேன்."

வாசல் வெயிலில் காலையிலேயே இரண்டு பிஸ்கட் டப்பாக்களை வைத்திருந்தாள். ஒன்றுக்குக் கறுப்புத் துணி, இன்னொன்றுக்கு வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு மெழுகு க்ரேயானை நிறுத்தி வைத்திருந்தாள். வெள்ளை டப்பாவைத் திறந்தாள். க்ரேயான் நிமிர்ந்து நின்றது. கறுப்பு டப்பாவில் அது குழைந்து, சலாம் போடுவது போல வளைந்திருந்தது.

"கறுப்பு வெளிச்சத்தை முழுங்கிச் சூடாக்கிடும். வெள்ளை வந்த வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பிடும். நம்ம கூரை என்ன நிறம் மாமா?"

முதலாளி அண்ணாந்து பார்த்தார். பார்த்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அடக் கடவுளே! மழை ஒழுகுதுன்னு ரெண்டு வருஷம் முன்னாடி நான்தானே தார் பூசினேன்! நானே ஏணி போட்டு ஏறி, நானே பூசினேன்!"

"நல்லா பூசியிருக்கீங்க முதலாளி. ஒரு சொட்டு ஒழுகல," என்றார் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பொத்தான் அண்ணன்.

"நீ வேற ஏன்ப்பா! போய்ச் சுண்ணாம்பு கரை."

"தார்ல சுண்ணாம்பு ஒட்டாது முதலாளி. உரிஞ்சு வந்துடும். கூரைக்குன்னே வெள்ளைப் பெயிண்ட் இருக்கு, அதான் சரி."

ஞாயிறு காலை, வெயில் ஏறுமுன் ஏணி வைத்தார்கள். முதலாளி முதல் ஆளாக ஏறினார். கீழிருந்து ரயில் அக்கா, "அந்த ஓரத்துல விட்டுட்டீங்க! அங்க இல்ல, அங்க!" என்று முதலாளியையே விரட்டி வேலை வாங்கினார். அப்படி விரட்டுவது அக்காவுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. எதிர்ப்பக்கம் சைக்கிள் பட்டறைக்காரர் வெகுநேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, "என் கூரையும் தகரம்தான். அந்த உருளை பிரஷ்ஷை நாளைக்குக் கொஞ்சம் தருவீங்களா?" என்று கேட்டார்.

அந்த வாரமும் வெயில் குறையவில்லை. வெளியே முன்போலவே முப்பத்தைந்து. ஆனால் கூடத்துக்குள், முன்பு நாற்பத்தொன்று காட்டிய வெப்பமானி முப்பத்தாறைத் தாண்டவில்லை. முப்பத்தாறும் சூடுதான் என்பதால், மதியம் எல்லோரும் அரை மணி நேரம் ஓய்வெடுக்க வேண்டும் என்று முதலாளி புதிதாக ஒரு விதி போட்டார்.

வெள்ளிக்கிழமை நாடா வகுப்புச் சுவரில் தொங்கியது. பிள்ளைகள் வரிசையாக நின்று, நீலத்திலிருந்து சிவப்புவரை பெஞ்சில் தட்டிப் பார்த்தார்கள். சிவப்பு வந்ததும் வகுப்பு தானாகவே அமைதியானது.

"இதைக் கேட்டு யாராவது எழுந்து போய் வேலை செஞ்சாங்களா?" என்றார் டீச்சர்.

"ஒருத்தர் ஏணியில ஏறினார் டீச்சர். இன்னொருத்தர் பிரஷ் கடன் கேட்டிருக்கார்."

பின் பெஞ்சுப் பையன் கையைத் தூக்கினான். "டீச்சர், நம்ம சைக்கிள் ஷெட் கூரை என்ன நிறம்?"

மறுநாள் இரண்டு மணி. கூடத்து மூலையில் சுண்டெலி கண்ணை மூடிக்கொண்டாள். மடியில் புதிதாக ஒரு வெள்ளைத் துண்டு. ஊசியில் நூல் கோத்துத் தயாராக இருந்தது.

"டர்... டர்ர்ர்ர்... டர்."

கண்ணைத் திறக்காமலே முதல் தையலைப் போட்டாள். கோணலாகத்தான் விழுந்தது.